உரு வந்ததெண்டு நினைச்ச மூச்சு

அம்மாளின் அடியாரே, நான் முரசுமோட்டையில வயல் செய்யிறவன். போன வருசம் மாசியில நெல்லு நிறுக்கிற தராசில ஏறிப் பாத்தன். நூற்றிப் பதினெட்டுக் கிலோ.

படுத்தால் மூச்சு முட்டும். கதிரையில இருந்தபடிதான் நித்திரை. வீங்கின காலில செருப்பு ஏறேல்லை. "இஞ்சாருங்கோ, ஆஸ்பத்திரிக்குப் போவம்" எண்டு மனிசி கெஞ்சினா. போனால் முதல்ல சோத்தைத்தான் குறைப்பினம் எண்டு நான் போகேல்லை. ஒருநாள் கிணத்தடியில வாளி தூக்கேலாமல் இருந்து அழுதன். "தாயே, மூச்சைத் தா. கோயிலைச் சுத்தி உருண்டு பிரதட்டை அடிக்கிறன்" எண்டு நேர்த்தி வைச்சன். சோத்தைப் பற்றி அம்மாளிட்டை ஒண்டும் கதைக்கேல்லை.

மூச்சு வர முதல் திருவிழா வந்திட்டுது. நான் முந்திச் செய்தால் அவா பிந்தியாவது தருவா எண்டு ஈர வேட்டியோட கோயில் வீதியில படுத்தன். ரெண்டு உருளல். மூண்டாவதில மல்லாந்து கிடந்திட்டன். மூச்சில்லை. கைகாலை அடிச்சன்.

"அண்ணைக்கு உரு வந்திட்டுது! அம்மாள் இறங்கிட்டா!" எண்டு ஆரோ கத்தினார். மேளகாரர் கிட்ட வந்து இன்னும் உரத்து அடிச்சார். ஒரு அக்கா என்ர காலைப் பிடிச்சு, "தாயே, மகளுக்கு எப்ப கலியாணம்?" எண்டு கேட்டா.

நான் "ஆ... ஆ..." எண்டன்.

"ஆவணியாம்!" எண்டு அவா அழுது கும்பிட்டா. அந்தக் கலியாணத்துக்கு நான் பொறுப்பில்லை.

அப்ப கும்பிட வந்த ஒரு ஆஸ்பத்திரித் தாதி கூட்டத்தை விலத்திக்கொண்டு வந்து என்ர காலை விரலால அமத்தினா. அமத்தின இடம் குழியா நிண்டுது. "மேளத்தை நிப்பாட்டுங்கோ! இது உரு இல்லை, இருதயம். அண்ணையை நிமித்தி இருத்துங்கோ!"

என்ர உடம்புக்கு ஆட்டோ காணாது. நெல்லேத்துற லாண்ட்மாஸ்டர் உழவு மெசினின்ர பெட்டியில ஆறுபேர் தூக்கி இருத்தி ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனவை.

"உடம்பு பெருக்கப் பெருக்க இருதயத்துக்கு வேலை கூடும். உங்கட இருதயம் களைச்சுப்போச்சு, நெஞ்சில தண்ணி தேங்கியிருக்கு. இன்னும் ரெண்டுநாள் பிந்தியிருந்தால்..." எண்டார் டொக்டர். மனிசி சேலைத் தலைப்பால வாயைப் பொத்தினா.

அப்பத்தான் விளங்கினது. நான் மூச்சைக் கேட்டன். அம்மாள் என்னை அந்தத் தாதிக்கு முன்னால கொண்டுபோய்க் கிடத்தினா.

ஒரு வருசமாகப் போகுது. டொக்டர் தந்த குளிசை தவறிறதில்லை. தண்ணி அளந்துதான் குடிக்கிறன். உப்புக் கூடாதெண்டு கருவாட்டை விட்டதுதான் பெரிய விரதம். இருபத்தேழு கிலோ இறங்கிட்டன். முதன்முதலா ஒரு மத்தியானம் பாயில நேராப் படுத்துக் கண்ணயர்ந்தன். முழிச்சால், மனிசி என்ர மூக்கடியில கையை வைச்சபடி இருக்கிறா.

"என்னப்பா?"

"மூச்சு வருதோ எண்டு பாத்தனான்" எண்டு சிரிச்சா. கண்ணால தண்ணி ஓடினது.

அம்மாளை நம்புங்கோ. மனமுருகிக் கேளுங்கோ, தருவா. படுக்க மூச்சு முட்டினால், கால் வீங்கினால் நேர்த்தியை வையுங்கோ. வைச்ச கையோட ஆஸ்பத்திரிக்கு வெளிக்கிடுங்கோ. அம்மாள் கோவிக்கமாட்டா.