லேமினேட் செய்த டிராகன்

அவள் வேலை பார்ப்பது ஒரு பெரிய ஆலையின் அடையாள அட்டைப் பிரிவில். பிரிவு என்றால் ஒரு மேசை, ஒரு கேமரா, ஒரு லேமினேஷன் மெஷின், அவள். பதினெட்டு வருஷமாக ஊழியர்களின் முகங்களை பிளாஸ்டிக்குக்குள் போட்டு மூடிக்கொண்டிருக்கிறாள். சிரிக்காதீர்கள் என்று அடுத்தவர்களுக்குச் சொல்லிச் சொல்லி அவளுக்கும் சிரிப்பு விட்டுப்போயிருந்தது.

பள்ளிக் காலத்தில் அவளும் தம்பியும் சேர்ந்து வாங்கிய விளையாட்டுக் கார்டுகள் ஒரு டிரங்குப் பெட்டி நிறைய அவள் கட்டிலுக்கடியில் இருந்தன. டிராகன், பூதம், மந்திரவாதி. அவற்றைக் களத்தில் இறக்கத் தேவையான சக்திக் கார்டுகள். வீடு மாறும்போதெல்லாம் பீரோவுக்கு முன்னால் அந்தப் பெட்டிதான் வண்டியில் ஏறும். தம்பிக்கு இப்போது வெளிநாட்டில் வேலை; மூன்று வார லீவில் வந்திருந்தான். பெட்டியில் பாதி அவனுடையது. கார்டுக் கடையில் மொத்தமாகத் தள்ளிவிடலாம் என்றான்.

"விளையாடாத கார்டை வெச்சு என்னக்கா பண்ற? அடைகாக்கிறியா?"

"விளையாடினா?"

"போட்டியில உக்காந்து ஒரே ஒரு ரவுண்டு ஜெயிச்சுக் காட்டு. என் பங்கும் உனக்கே. மூணு வாரம் டைம். இல்லன்னா பெட்டி கடைக்குப் போயிடும்."

கடையில் ஞாயிறுதோறும் மூன்று வகைப் போட்டிகள். கடைக்காரர் விளக்கினார்.

"புதுசுன்னா ரெண்டு வருஷத்துக்குள்ள வந்த கார்டு மட்டும். ஓப்பன்னா எந்த வருஷத்துக் கார்டும் செல்லும். பழசுன்னா கம்பெனி முதல்ல வெளியிட்ட ஏழு செட் மட்டும். உங்க கார்டை எடுங்க மேடம், பாத்துச் சொல்றேன்."

ஒரு டிராகனை எடுத்துக் கொடுத்தாள். அவர் அதை மேசையில் தட்டினார். டக்கென்று சத்தம் வந்தது.

"என்ன மேடம் இது?"

"லேமினேட் பண்ணியிருக்கேன். பாதுகாப்புக்கு."

துக்க வீட்டுக்கு வந்தவர் போல அவர் அதை மெதுவாகக் கீழே வைத்தார். வேலைக்குச் சேர்ந்த புதிதில், பெட்டியிலேயே நல்லதாகப் பொறுக்கி இருநூற்றுப் பன்னிரண்டு கார்டுகளை அவள் மெஷினுக்குள் விட்டிருந்தாள்.

"மத்ததை நான் விலைக்கு எடுத்துக்கலாம். இதை மேசைக்கு முட்டுக் கொடுக்கலாம்" என்றார். "தொட்டுப் பாத்தா ஒரு கார்டுக்கும் இன்னொரு கார்டுக்கும் வித்தியாசம் தெரியக் கூடாது. அதுதான் ரூல்."

"ஆடுற கட்டுல அறுபது கார்டுமே லேமினேட்டா இருந்தா?"

அவர் விதிப் புத்தகத்தைப் புரட்டினார். இரண்டாவது முறையும் புரட்டினார். "வித்தியாசம் தெரியாதுதான்" என்று ஒப்புக்கொண்டார்.

புதுசு அவளுக்கு ஆகாது. ஓப்பனில் ஆடச் சொன்னான் தம்பி. "உன் கார்டு எல்லாமே செல்லும்க்கா." அவள் உடனே பெயர் கொடுக்கவில்லை. ஒரு ஞாயிறு முழுக்க நோட்டுப் புத்தகத்தோடு கடையில் உட்கார்ந்து பார்த்தாள். ஓப்பனில் மூன்றாவது முறை கார்டு இறக்குவதற்குள் ஆள் காலி. பழசில் எட்டு, ஒன்பது முறை வரை இழுத்தது.

"என் டிராகன் எந்திரிக்கவே ஏழு முறை ஆகும்" என்றாள் தம்பியிடம். "அதுவரைக்கும் என்னை உயிரோட விடுற ஆட்டந்தான் எனக்கு."

பழசு என்றால், எட்டாவது செட்டில் வந்த ஐந்து நல்ல டிராகன்களை விட்டுவிட வேண்டும். விட்டாள்.

இன்னொரு சிக்கல் இருந்தது. சக்திக் கார்டில் ஒன்றுகூட லேமினேட் ஆகவில்லை. சாதாரணக் கார்டை யார் பாதுகாப்பார்கள்? இருபத்து நான்கு தேவை. ஆலையில் இப்போது வரும் பிளாஸ்டிக் தடிமனானது, விரல் காட்டிக்கொடுத்துவிடும். சாமான் அறையின் அடித்தட்டில் பழைய மெல்லிய பிளாஸ்டிக் ஒரு பாக்கெட் கிடந்தது. மேலாளரிடம் கேட்டாள். ஒழிந்தால் சரி என்று கொடுத்துவிட்டார்.

போட்டி நாளில் பதினோரு பேர். ஜெயித்தாலும் தோற்றாலும் எல்லாருக்கும் மூன்று ரவுண்டு. தோற்றால் நேராகக் கடைக்காரரிடம் கொடுத்துவிட வசதியாக, தம்பி பெட்டியையும் கொண்டுவந்திருந்தான். அவள் சீட்டுக் கட்டு செங்கல் உயரம் இருந்தது. கையில் நிற்காமல் வழுக்கியதால், கவிழ்த்துப் பரப்பி, மாவு பிசைவது போலக் கலைத்தாள். முதல் ரவுண்டில் பல் டாக்டரிடம் தோற்றாள். இரண்டாவதில் பஸ் டிரைவர். எட்டாவது முறையில் டிராகன் இறங்கியது. பெட்டிக்குள் போன பிறகு அது களம் காண்பது இதுதான் முதல் தடவை. ஒரே அடி அடித்தது. அடுத்த முறை டிரைவர் அதை அப்புறப்படுத்திவிட்டு அவளையும் தோற்கடித்தார்.

"உங்க டிராகனைப் பாத்தா கண்ணு கூசுது மேடம்" என்றார், குறையாகத்தான்.

மூன்றாவது ரவுண்டுக்கு அவளுக்கு எதிரே ஆள் இல்லை. பதினோரு பேரை ஜோடி சேர்த்தால் ஒருவர் மிச்சம். கடைசி இடத்தில் இருப்பவர்தான் அந்த மிச்சம். அவர் ஜெயித்ததாக எழுதிவிடுவது வழக்கம். கடைக்காரர் எழுதினார்.

தம்பி அந்தத் தாளை எட்டிப் பார்த்தான். "ஜெயிச்சுட்டக்கா."

"நான் ஆடவே இல்லயேடா."

"ரூல்படி ஜெயிச்சதுதானே, இல்லயா? ரூல் பேசித்தானே லேமினேட்டையே உள்ள கொண்டுவந்த?"

அவளுக்கு அது வெற்றியாகப் படவில்லை. தோல்வி என்று சொல்லவும் வாய் வரவில்லை. அவள் யோசித்து முடிப்பதற்குள் அவன் பெட்டியைத் தூக்கித் தோளில் வைத்துவிட்டான்.

"எங்கடா கொண்டுபோற?"

"உன் வீட்டுக்குத்தான். நீ தூக்கினா இடுப்பு போயிடும். கதவைத் திற."

அவள் திறந்து பிடித்துக்கொண்டாள்.