கொடிக்குப் பிறகு ஒட்டிய சிரிப்பு

ராணுவத்தின் செய்திப்படப் பிரிவில் பதினோரு வருடமாக அவருக்கு வெட்டி ஒட்டும் வேலை. அங்கே அவர் பெயரே ‘கத்தரி’தான். போர்முனையிலிருந்து வரும் படச்சுருள்களை மேஜர் பார்த்து, ஜனங்கள் பார்க்கக் கூடாத இடங்களில் சிவப்புப் பென்சிலால் கோடு போடுவார். வெட்டிய துண்டுகளை மேஜரே எண்ணி வாங்கி எரிப்பார். சாயங்காலம் வாசலில் சட்டைப்பையைத் தடவிப் பார்த்துத்தான் ஆளை விடுவார்கள்.

ஒரு செவ்வாய்க்கிழமை வந்த சுருளில் கத்தரியின் மைத்துனன் இருந்தான். பதுங்குகுழி ஓரத்தில் தலைக்கவசத்தைக் கழற்றிவிட்டுச் சிரித்தான். அடுத்து குண்டு விழுந்தது. புகை விலகியபோது அவன் கண் திறந்தபடி கிடந்தான். வீட்டுக்குத் தந்தி எதுவும் வந்திருக்கவில்லை.

குண்டு விழுந்ததும் அதற்குப் பின் வந்த அத்தனையும் வெட்டு. சிரிப்பை மட்டும் படத்தின் கடைசியில், வெற்றிக்கொடிக்குப் பிறகு ஒட்டச் சொன்னார் மேஜர்.

“நல்ல முகம், கத்தரி. பாக்கறவங்களுக்குத் தெம்பு வரும். ஆமா, உங்க வீட்ல எல்லாரும் சௌக்கியமா?”

பதினோரு வருடத்தில் அவர் வீட்டை விசாரித்ததே இல்லை. தெரிந்து கேட்கிறாரா, சும்மா கேட்கிறாரா?

“சௌக்கியம் சார்.”

பொய்யாக ஒரு துண்டுகூட ஒட்டவில்லை, எல்லாம் நடந்ததுதான் என்று சொல்லிக்கொண்டே வீட்டுக்கு நடந்தார். அந்த எண்ணம் பாதி வழிகூடத் தாங்கவில்லை.

சனிக்கிழமை மனைவி தியேட்டரிலிருந்து ஓட்டமும் நடையுமாக வந்தாள்.

“என்னங்க, தம்பி இருக்கான்! கொடி ஏத்தினப்புறம் என்னமா சிரிக்கிறான், பல்லு விளக்காத மூஞ்சி! மூணு மாசமா லெட்டர் போடாம என் வயித்துல புளியைக் கரைச்சானே!”

“அப்படியா,” என்று செருப்பைத் தேடுகிறவர் போலக் குனிந்தார்.

“என்ன அப்படியா? பேயறைஞ்ச மாதிரி இருக்கீங்க?”

“தலைவலி.”

மாடிப்படியில் யாரோ இருமினார்கள். மேல்வீட்டில் இருந்தவர் அதே ஆபீஸ் கிளார்க். கொஞ்ச நாளாக அவருக்குப் படியில்தான் இருமல் வந்தது. கத்தரி எழுந்துபோய்க் கதவைச் சாத்தினார். அவள் பார்த்துக்கொண்டே இருந்தாள்.

“ஒட்டினது நீங்கதானே? அந்தச் சிரிப்புக்கு அப்புறம் சுருள்ல என்ன இருந்துச்சு?”

“வெளிய சொல்றதில்லன்னு கையெழுத்துப் போட்டிருக்கேன்.”

“நல்லா இருக்கான்னு சொல்றதுக்கு என்னங்க கையெழுத்து?”

அவர் ஜன்னல் பக்கம் திரும்பினார். அவள் முகம் மெல்ல மெல்ல மாறியது. அவர் ஜன்னலையும் சாத்திவிட்டு வந்து, அழுகைச் சத்தம் மேல்வீட்டுக்குக் கேட்பதற்குள் அவள் வாயை உள்ளங்கையால் பொத்தினார்.