மீசை ஆயாவின் பெண்டாட்டி

என் வலது கையில் மூன்று விரல்கள் மடங்காது. லிங்கிக்குப் பக்கத்தில் ஒரு ரப்பர் தோட்டத்தில் பால் வெட்டிக்கொண்டிருந்தபோது, மழையில் வழுக்கிக் கிடந்த மேட்டில் பால் வாளிகளோடு விழுந்தேன். இடுப்பில் செருகியிருந்த வெட்டுக் கத்தி மணிக்கட்டில் இறங்கிவிட்டது. சிரம்பான் ஆஸ்பத்திரியில் தைத்து அனுப்பினார்கள். தோல் ஒட்டிக்கொண்டது. உள்ளே அறுந்தது ஒட்டவில்லை. எழுபதுகளின் கடைசி அது. எனக்கு முப்பது வயதுகூட ஆகவில்லை. கல்யாணமாகிச் சில வருடங்கள் ஆகியும் பிள்ளை இல்லை.

கத்தி பிடிக்க முடியாதவனுக்குத் தோட்டத்தில் வேலை இல்லை. வேலை இல்லாதவனுக்கு லயத்தில் வீடு இல்லை. என் மனைவியும் பால் வெட்டினாள்தான். ஆனால் எங்கள் தோட்டத்தில் பொம்பளை பேரில் வீடு கொடுக்கிற வழக்கம் கிடையாது.

கைக்கட்டு பிரித்த வாரம், தோட்டத்துக் கணக்கு பார்க்கிற கிராணி என்னை ஆபீசுக்குக் கூப்பிட்டார்.

"ஆயாக் கொட்டகையில ஆள் வேணும். போறியா, வீட்டக் காலி பண்றியா?"

வேலைக்குப் போகிற தாய்மார்கள் கைக்குழந்தைகளை விட்டுப்போகிற இடம் ஆயாக் கொட்டகை. அங்கே ஒரு வயதான ஆயா இருந்தாள். அவளுக்குத் தண்ணீர் தூக்க, பால் காய்ச்ச, மூத்திரத் துணி அலச, தூளி ஆட்ட ஓர் ஆள் வேண்டும். எந்த ஆம்பளையும் அதுவரை அந்த வேலைக்குப் போனதில்லை. நான் வாய் திறக்கத் தெரியாதவன். ஆறாவதோடு முடிந்துபோன என் பள்ளிக்கூடத்திலும் பதில் தெரிந்தே பேசாமல் நின்று அடி வாங்கியவன். கிராணியிடம் தலையை ஆட்டிவிட்டு வந்தேன்.

மறுநாள் விடிகாலை எல்லாரையும் நிறுத்தி ஆள் கணக்கு எடுக்கிற பெரட்டில், எங்களை மேய்க்கிற மண்டோர் வரிசையாக ஒவ்வொருவருக்கும் வேலை சொல்லிக்கொண்டு வந்தார். என்னிடம் வந்ததும் கொஞ்சம் நிறுத்தினார். எல்லாரும் காது கொடுக்கட்டும் என்றுதான்.

"இவரு ஆயாக் கொட்டகை."

பின்னாலிருந்து ஒருவன், "மண்டோரே, சேலைய ஆபீஸ்ல குடுப்பாங்களா, சொந்தமா வாங்கிக்கணுமா?" என்றான். பெரட்டுக் களம் முழுக்கச் சிரித்தது. கலைந்து போவதற்குள் எனக்கு மீசை ஆயா என்று பேரும் வைத்துவிட்டார்கள்.

அந்த ஞாயிற்றுக்கிழமை கள்ளுக்கடை வாசலில், என்னோடு ஒன்றாகப் படித்தவன் ஒருவன் என்னைப் பிடித்து நிறுத்தினான். "ஆயா, பால் இருக்கா?" என்று கேட்டு என் சட்டைப் பொத்தானைக் கழற்றி உள்ளே பார்த்தான். "இன்னும் ஊறல லா" என்று மற்றவர்களைப் பார்த்துச் சொன்னான். நான் பொத்தானைப் போட்டுக்கொள்ள முயன்றேன். மடங்காத விரல்களால் பொத்தான் போட வரவில்லை. அதையும் நின்று வேடிக்கை பார்த்தார்கள்.

வீட்டுக்கு வந்ததும் இடது கையால் மீசையைச் சிரைத்தேன். இரண்டு இடத்தில் ரத்தம் வந்தது. என் மனைவி அடுப்படியிலிருந்து எட்டிப் பார்த்தாள்.

"மீசைய எடுத்தா வெரலு மடங்குமா? இப்ப வெறும் ஆயா. அவ்ளோதான்."

"மந்தின்ல அண்ணன் வீட்டுக்குப் போயிடலாம்" என்றேன்.

"அண்ணி கையால சோறு திங்க ஒனக்கு ஆசையா இருந்தா போ. நான் வரல. இது என் வீடு."

அழுது ஆறுதல் சொல்கிற பெண்டாட்டிகளைப் பற்றிக் கேள்விப்பட்டிருக்கிறேன். எனக்கு வாய்த்தவள் அப்படி இல்லை. மறுநாள் சாயங்காலம் லயத்துக் குழாயடியில் பெண்கள் கூடியிருந்தபோது, தூரத்தில் வந்துகொண்டிருந்த என்னைப் பார்த்து, "யோவ் மீசை ஆயா! வாளியத் தூக்கிட்டு வா!" என்று கத்தினாள்.

பெண்கள் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார்கள். எனக்கு உயிரே போய்விட்டது. மறுநாளும் கத்தினாள். கடைக்குப் போனால் கடையில், கோயிலுக்குப் போனால் கோயில் வாசலில், மண்டோர் முன்னால்கூட அதே பேர். புருஷனை மதிக்காதவள், நாக்கு நீண்டவள் என்று அவளைத்தான் லயம் முழுக்கப் பேசியது.

பொறுக்க முடியாமல் ஒருநாள் கேட்டேன். "நீயுமா?"

"அவனுங்க மட்டும் கூப்புட்டாத்தான்யா ஒனக்கு அசிங்கம். நான் நாளெல்லாம் கூப்புடறேன். எத்தன நாளைக்கு அவனுங்களுக்கு ருசிக்குதுன்னு பாப்போம்."

அவள் சொன்னது நடந்தது. பெரட்டில் யாராவது மீசை ஆயா என்றால், "அத அவன் பொண்டாட்டியே சொல்லிட்டா, புதுசா எதாவது சொல்லு" என்று அவர்களே அலுத்துக்கொண்டார்கள்.

புதிதாக ஒன்று கிடைத்தது. எங்கள் லயத்தில் கைக்குழந்தைக்காரி ஒருத்தி குழாயடியில் நின்று, என் மனைவி காதில் விழும்படியே சொன்னாள்.

"புள்ள பெக்காத வீட்டு ஆம்பள. அந்தக் கை பட்டா எம் புள்ளைக்கு ஆவாது."

என் மனைவி வாளி நிறையும்வரை நின்றாள். தூக்கிக்கொண்டு வந்துவிட்டாள். வீட்டுக்குள் வந்து அந்தத் தண்ணீரைக் கொல்லையில் கொட்டினாள். அது மட்டும்தான் செய்தாள்.

கைக்குழந்தைக்காரி பிள்ளையைப் பால் வெட்டுகிற மலைக்காட்டுக்கே தூக்கிப்போய் இரண்டு மரத்துக்கு நடுவில் தூளி கட்டினாள். அவளைப் பார்த்து இன்னும் சிலரும் பிள்ளைகளைக் கொட்டகைக்குக் கொண்டுவருவதை நிறுத்தினார்கள். கொட்டகையில் காலித் தூளிகள் தொங்கின. கிராணி வந்து பார்த்தார். "இந்தப் புள்ளைங்களுக்கு ரெண்டு ஆளு எதுக்கு? மாசக் கடைசியில பாக்கலாம்" என்று சொல்லிவிட்டுப் போனார். மாசக் கடைசியில் என்ன ஆகும் என்று எனக்குத் தெரியும். வேலை போகும், பின்னாலேயே வீடும் போகும்.

கைக்குழந்தைக்காரி வெட்டுகிற மர நிரைக்கு அடுத்த நிரை என் மனைவியுடையது. ஒருநாள் பால் எடுக்கிற நேரத்தில் தூளியிலிருந்து குழந்தை வீறிட்டது. தாய் மேட்டுக்கு அந்தப்பக்கம் இருந்தாள். என் மனைவி போய்ப் பார்த்தபோது தூளித் துணி முழுக்க முசுறு எறும்பு. குழந்தையின் இமையிலும் வாயோரத்திலும் கடித்துத் தொங்கின. தாயைக் கூப்பிட்டிருக்கலாம். "கூப்புட்டா தூளிய ஒதறி வேற மரத்துல கட்டுவா" என்று பிறகு சொன்னாள். எறும்பைத் தட்டிவிட்டு, மரங்களில் கட்டிய மங்குகளில் பாலை அப்படியே விட்டுவிட்டு, பிள்ளையை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு மலையிறங்கி ஓடி வந்தாள்.

"இந்தா ஆயா. எண்ணெ தடவு" என்று என் கையில் கொடுத்தாள்.

நான் தேங்காய் எண்ணெய் தடவினேன். அழுது அழுது ஓய்ந்து குழந்தை தூளியில் தூங்கியது. அப்போதுதான் தாய் வந்தாள். தலைமுடி அவிழ்ந்து, கையில் பால் காய்ந்து கறுத்து, வாயில் வராத வார்த்தை இல்லை. புள்ளைத் திருடி என்றாள். மலடி என்றாள். நான் எழுந்தேன். என் மனைவி என்னைப் பின்னால் தள்ளிவிட்டுக் கொட்டகை வாசலை மறித்து நின்றாள். முதல் அறையில் அவள் உதடு கிழிந்தது.

"அடி" என்றாள் என் மனைவி. "புள்ள தூங்குது. சத்தம் போடாம அடி."

அவள் அடித்தாள். என் மனைவி கையை ஓங்கவும் இல்லை, முகத்தைத் திருப்பவும் இல்லை. கிழவி ஆயா நடுவில் வரப் பயந்துபோய் அடுப்பைப் பிடித்துக்கொண்டு நின்றாள். ஓய்ந்தபோது அந்தத் தாய், என் மனைவியின் தோள் வழியாகத் தூளிக்குள் பார்த்தாள். வீங்கிய இமைகளைப் பார்த்தாள். பார்த்த பிறகு இன்னொரு அறை கொடுத்தாள். அப்புறம் முந்தானையால் மூக்கைத் துடைத்துக்கொண்டு, பால் நிறுக்க நேரமாகிவிட்டது என்று போய்விட்டாள். பிள்ளையைத் தூக்கிக்கொண்டு போகவில்லை.

பாலைக் காட்டில் விட்டு வந்ததற்காக மண்டோர் என் மனைவிக்கு அன்றைய பேர் போடவில்லை. அன்றைய சம்பளம் கிடையாது. ராத்திரி வெந்நீரில் துணி நனைத்து அவள் உதட்டில் வைத்தேன். "அமுக்காதய்யா, எரியுது" என்றாள். துணியை எடுத்து மெதுவாக ஒற்றினேன். என் வாழ்க்கையில் எனக்காக யாரும் அப்படி நின்றதில்லை. பெற்றவர்கள்கூட நின்றதில்லை.

மறுநாள் இருட்டு விலகுமுன் கைக்குழந்தைக்காரி கொட்டகைக்கு வந்தாள். என்னைத் தாண்டி நடந்து, பிள்ளையைக் கிழவி ஆயாவிடம் கொடுத்தாள்.

"அந்தாளத் தூக்க வேணாம்னு சொல்லு. தூளிய மட்டும் ஆட்டட்டும்."

அவளுக்குப் பின்னால், நிறுத்தியிருந்த மற்ற தாய்மார்களும் பிள்ளைகளோடு வந்துகொண்டிருந்தார்கள். வாளியோடு மலைக்குக் கிளம்பிய என் மனைவி வாசலில் நின்று எல்லாவற்றையும் கேட்டாள். சிரிக்கப் போய் உதடு வலித்து முகத்தைச் சுளித்தாள்.

"கேட்டுச்சில்ல? ஆட்டு" என்று சொல்லிவிட்டு, தன்னை அடித்தவளோடு ஒரே பாதையில் மேடேறிப் போனாள்.

நான் தூளிக் கயிற்றை இடது கையில் பிடித்தேன்.