கம்பளி போர்த்திய சிலிண்டர்

1984 மார்ச், வியாழக்கிழமை. காலை ஆறே முக்காலுக்கு ஈப்போவில் பஸ் ஏறினேன். தாப்பாவில் இறங்கி மலைக்குப் போகும் பஸ்ஸுக்காக ஒரு மணி நேரம் காத்துக் கிடந்தேன். மலைமேல் இருக்கும் ரிங்லெட்டுக்கு டிக்கெட் மூன்று வெள்ளி. நாற்பத்தைந்து கிலோமீட்டர்தான், ஆனால் ஒவ்வொரு வளைவிலும் வயிறு ஒரு பக்கமும் நான் ஒரு பக்கமுமாகப் போனோம். ஐம்பத்திரண்டு வயதில், மடியில் பத்துக் கிலோ கருவிப்பையோடு இது எனக்குத் தேவையா என்று நொந்துகொண்டேன். ஓட்டுநர் தமிழர். மேலே என்ன வேலை என்று கேட்டார்.

"ஒரு அடுப்பு சரியா எரியலையாம்."

"அதுக்கா ஈப்போவுலேருந்து வரீங்க? எங்க வீட்லயுந்தான் எரிய மாட்டேங்குது, வந்து பாருங்கலா!"

அவர் சிரித்தார். எனக்குச் சிரிக்கத் தெம்பில்லை.

அது சோறாக்கும் அடுப்பல்ல, மண்பாண்டம் சுடும் கேஸ் சூளை. அதற்குப் பர்னர் செய்து விற்றவன் நான். வாங்கியவள் பிலோமினா. கல்யாணத்துக்கு முன் ஈப்போவில் ஒரு பாண்டப் பட்டறையில் வேலை பார்த்தவள். பிறகு தேயிலைத் தோட்டத்தில் பதினாறு வருடம் கொழுந்தெடுத்து வலது தோள்பட்டை போய்விட்டது. தோட்டத்துக்கு வரும் வெளியூர்க்காரர்களுக்காகத் தோட்ட மேலாளர் துரை ஒரு தேநீர்க் கடை திறக்கப் போகிறார். நாற்பது கோப்பைகள் செய்து காட்டுகிறேன் என்று சொல்லி அவரிடம் இரண்டு மாத விடுப்பு வாங்கியிருந்தாள். கெடு வருகிற திங்கட்கிழமை. கோப்பை இல்லையென்றால் அன்று காலைப் பெரட்டில் பேர் கூப்பிடும்போது கூடையோடு போய் நிற்க வேண்டும். இரண்டு முறை சுட்டும் மெருகுப் பூச்சு உருகாமல், கோப்பைகள் உப்புத்தாள்போலச் சொரசொரவென்று வந்திருந்தன. இது மூன்றாவது முறை.

பத்தே முக்காலுக்கு ரிங்லெட். அங்கிருந்து தோட்டத்து லோரியில், உர மூட்டைகளின் மேல் உட்கார்ந்து எட்டுக் கிலோமீட்டர். இருபுறமும் சீவிவிட்டதுபோலத் தேயிலைச் சரிவு. அழகுதான். ரசிக்கிற நிலையில் நான் இல்லை.

பதினொன்றரை மணிக்கு அவர்கள் குடியிருக்கும் லயத்தின் பின்பக்கக் கொட்டகையை அடைந்தேன். விடியற்காலை ஐந்துக்கே பற்றவைத்திருந்தார்கள். வெப்பமானியின் முள் ஆயிரத்து அறுபது டிகிரியில் படுத்திருந்தது. ஆயிரத்து இருநூறைத் தொட்டால்தான் பூச்சு உருகும். பர்னரில் சுடர் மஞ்சளாக, சோம்பலாக நெளிந்தது.

"ஒரு மணி நேரமா இதே எடத்துலதான் நிக்குது அண்ணே," என்றாள் பிலோமினா. கண்கள் சிவந்திருந்தன. புகையா, அழுகையா என்று நான் கேட்கவில்லை.

சிலிண்டர்களைத் தேடினேன். மூலையில் இரண்டும் தடித்த கம்பளியால் கழுத்துவரை போர்த்தப்பட்டு, கயிற்றால் கட்டப்பட்டு நின்றன. அவிழ்த்துப் பார்த்தால் பாதி உயரத்துக்கு வெள்ளையாக உறைபனி.

"யாரு வேல இது?"

அவள் கணவர் அருள்சாமி முன்னே வந்தார். ஃபாக்டரியில் தேயிலை காயவைக்கும் உலையைப் பார்த்துக்கொள்பவர். "நாந்தான் அண்ணே. ஃபாக்டரியில சூட்டுக் குழாய்க்கெல்லாம் கோணி சுத்தித்தான் சூட்டைக் காப்பாத்துறோம்."

எனக்கு ஆத்திரம் பொத்துக்கொண்டு வந்தது. "தம்பி, அது சூடான குழாய்! இது குளுந்து கெடக்குற சிலிண்டர். உள்ள இருக்கிற திரவம் கேஸா மாறணும்னா வெளியிலேருந்து சூட்ட இழுக்கணும். நீங்க அதுக்கு வழியையே அடச்சு வச்சிருக்கீங்க. கொஞ்சமாச்சும் யோசிக்க வேணாமா?"

அவர் தலைகுனிந்து நின்றார். பிலோமினா மெதுவாகச் சொன்னாள்: "நீங்கதானே அண்ணே கடுதாசியில எழுதினீங்க, சிலிண்டருக்குக் குளிர் படாமப் பாத்துக்கங்கன்னு?"

எழுதியிருந்தேன். முதல் சூளை தோற்றதும் ஈப்போவில் வியர்த்துக்கொண்டே உட்கார்ந்து, மலைக்குளிரைக் கற்பனை செய்து எழுதிய வரி அது. இரண்டாவது சூளையைக் கெடுத்தது அந்த வரிதான். வெட்கத்தில் காது சுட்டது.

துணி துவைக்கும் பெரிய பேசின்கள் இரண்டில், கை பொறுக்கும் அளவுக்கு வெதுவெதுப்பான தண்ணீர் ஊற்றி சிலிண்டர்களை நிற்கவைத்தோம். கால் மணிக்கொரு தடவை தண்ணீர் ஆறிவிடும். அருள்சாமி வாளியோடு வீட்டுக்கும் கொட்டகைக்கும் நடந்தார், நானும் நடந்தேன். உறைபனி வழிந்து இறங்கியது. மலைக்காற்று மெலிசு என்பதால் பர்னரின் காற்றுத் துவாரத்தையும் இன்னும் திறந்துவிட்டேன். சுடர் நீலமாகி இரையத் தொடங்கியது.

மூன்று மணிக்கு ஆயிரத்து நூற்று முப்பது. நாலரைக்கு ஆயிரத்து நூற்று எழுபது. பிலோமினா முள்ளை விட்டுக் கண்ணை எடுக்கவில்லை. ஐந்தே முக்காலுக்கு முள் ஆயிரத்து இருநூறைத் தொட்டது. அரை மணி நேரம் அங்கேயே நிறுத்தி, பிறகு அணைத்தோம். இடுப்பு கழன்றுவிட்டதுபோல இருந்தது.

"தம்பி, தப்பு என்னுது. உங்கமேல எரிஞ்சு விழுந்துட்டேன்," என்றேன் அருள்சாமியிடம்.

"பரவால்லலா அண்ணே. ஃபாக்டரியில தெனமும் திட்டு வாங்குறவன் நான். யாரும் இப்படித் திரும்பி வந்து சொன்னதில்ல."

வெள்ளிக்கிழமை மதியம் இரண்டு மணி. சூளை ஆறும்வரை பொறுத்திருந்து கதவின் செங்கற்களைப் பிரித்தோம். கூடுதலாக வைத்ததையும் சேர்த்து நாற்பத்து மூன்றில் மூன்று கோப்பைகள் விரிசல். மற்ற நாற்பதும் மழையில் நனைந்த தேயிலை இலையின் பச்சையில் மின்னின. பிலோமினா ஒன்றை எடுத்து விளிம்பைக் கட்டைவிரலால் சுற்றித் தடவினாள். வழுவழுவென்றிருந்தது. விரல் நின்ற பிறகும் கோப்பையைக் கீழே வைக்கவில்லை.

"நேரா கங்காணி வீட்டுக்குப் போங்க," என்றாள் கணவரிடம். "திங்கக்கெழம பெரட்டுல என் பேரக் கூப்பிட வேணாம்னு சொல்லிட்டு வந்துருங்க."

அருள்சாமி சலவைச் சட்டை ஒன்றை மாட்டிக்கொண்டு, சாட்சிக்கு ஒரு கோப்பையையும் எடுத்துக்கொண்டு கிளம்பினார்.

நாலு மணி பஸ்ஸில் மலையிறங்கும்போது தூக்கம் வரவில்லை. ஈப்போவில் என் பட்டறைச் சிலிண்டர்களில் ஒருநாளும் உறைபனியைக் கண்டதில்லை. நல்ல பர்னர்காரன் என்று ஊர் சொல்லக் கேட்டு இருபது வருடமாக நிமிர்ந்து நடந்திருக்கிறேன். பாதி வேலையை அந்த ஊர் வெக்கையே செய்து கொடுத்திருக்கிறது. அது தெரியாமல் ஒரு வரி எழுதி, ஒரு பெண்ணை மறுபடி மலைச்சரிவில் கொண்டுபோய் நிறுத்தப் பார்த்தேன். தாப்பாவில் இறங்கியதும் வெக்கை முகத்தில் வந்து மோதியது. வழக்கமாக அதைத் திட்டுவேன். அன்று பையைக் கீழே வைத்துவிட்டுச் சும்மா நின்றேன்.