நாலாவது பெயர்

நான் செய்த முதல் இணையதளத்தைப் பற்றி யாராவது கேட்டால் பேச்சை மாற்றிவிடுவேன். வெட்கப்படுகிறேன் என்று நினைத்துக்கொண்டு, முதல் வேலை யாருக்குத்தான் ஒழுங்காக வந்திருக்கிறது என்று ஆறுதல்கூடச் சொல்வார்கள். உண்மையில் அது நன்றாகவே வந்திருந்தது. பார்த்தவர்கள் எல்லோரும் பாராட்டினார்கள், நானும் அதை நம்பினேன்.

இரண்டாயிரத்து மூன்று, நான்கு வாக்கில் பெரம்பலூர் பழைய பஸ் ஸ்டாண்டு பக்கம், ஒரு மருந்துக்கடையின் மாடியில் இருந்த கம்ப்யூட்டர் சென்டரில் வேலை பார்த்தேன். கல்லூரி முடித்த கையோடு சேர்ந்தது. குரும்பலூரிலிருந்து தினமும் டவுன் பஸ்ஸில் வந்து போவேன். காலையில் மாணவர்களுக்கு வகுப்பு. மத்தியானம் பிரவுசிங்குக்கு வருகிறவர்களுக்கு மெயில் திறந்து கொடுப்பது. நடுவில் நேரம் கிடைத்தால், திருச்சியில் வாங்கிவந்த தலையணை கனத்துப் புத்தகம் ஒன்றை விரித்து வைத்துக்கொண்டு நானாகவே இணையப் பக்கம் செய்யப் பழகினேன். யாரும் சொல்லித்தரவில்லை. சொல்லித்தந்திருந்தாலும் கேட்டிருக்க மாட்டேன், அந்த வயதில் எனக்கு அவ்வளவு திமிர்.

லெப்பைக்குடிக்காட்டில் டிராவல்ஸ் வைத்திருந்த பாய் ஒருவர் எங்கள் சென்டருக்கு அடிக்கடி வருவார். முப்பது வயதுக்கு மேல் இருக்காது. அவர் ஊரில் வீட்டுக்கு ஒருவராவது வளைகுடாவில் இருந்தார். லீவு முடிந்து ஒருவர் திரும்பிப் போகிறார் என்றால் அவர் பெட்டியில் பாதி இடம் மற்றவர்களுக்கு. மசாலாப் பொடி, ஊறுகாய், சர்க்கரை மாத்திரை, மூக்குக்கண்ணாடி, பத்திரம், சான்றிதழ் எல்லாம் அப்படித்தான் கடல் தாண்டின. கூரியரை நம்பாதவர்கள், முன்பின் பார்த்திராத ஒருவரிடம் ஒரிஜினல் காகிதத்தை நம்பிக் கொடுத்தார்கள். அதுவும் பத்திரமாகப் போய்ச் சேர்ந்தது. யார், எந்தத் தேதியில், எந்த ஊருக்குப் போகிறார் என்று கேட்டுக் கேட்டு பாய் கடைப் போன் ஓயாமல் அடித்தது.

"அத கம்ப்யூட்டர்ல போட்டு வுட்டுரும்மா. யாருக்கு வேணுமோ பாத்துக்கட்டும். பதில் சொல்லிச் சொல்லி எனக்குத் தொண்டத்தண்ணி வத்திப்போச்சு," என்றார் பாய்.

போட்டேன். வெள்ளைப் பின்னணியில் கறுப்பு எழுத்து, கோடு போட்ட ஒரு அட்டவணை. பெயர், போகிற ஊர், தேதி, அவ்வளவுதான். தமிழில் போட்டால் பார்க்கிற கம்ப்யூட்டரிலும் அதே எழுத்துரு இருக்க வேண்டும், இல்லாவிட்டால் பூச்சி பூச்சியாகத் தெரியும் என்பதால், பாஸ்போர்ட்டில் இருப்பதுபோல ஆங்கில எழுத்திலேயே போட்டேன். பக்கத்தின் அடியில் எங்கள் சென்டர் முகவரியையும் மறக்காமல் சேர்த்தேன். வாராவாரம் பாய் பட்டியலைப் போனில் சொல்வார், நான் மாற்றி ஏற்றிவிடுவேன்.

இந்தப் பட்டியல் லெப்பைக்குடிக்காட்டுக்காரர்களுக்குத் தேவையே இல்லை என்பது எனக்குப் போகப் போகத்தான் புரிந்தது. பள்ளிவாசலில் தொழுகை முடிந்து வெளியே வருவதற்குள் யார் போகிறார்கள் என்ற சேதி அங்கே தெரு முழுக்கத் தெரிந்துவிடும். தேவைப்பட்டது தூரத்தில் இருந்தவர்களுக்கு. ஆண்டிமடம், வரதராஜன்பேட்டைப் பக்கம் முந்திரிக்காட்டை நம்பியிருந்த வீடுகளிலிருந்து அப்போதுதான் ஒவ்வொருவராக வெளிநாடு போக ஆரம்பித்திருந்தார்கள். அவர்களுக்கு அங்கே சொந்தமும் இல்லை, சேதி வரும் வழியும் இல்லை. அவர்களுக்காக பாய் ஒரு ஏற்பாடு செய்தார். ஜெயங்கொண்டத்தில் ஒரு ஜெராக்ஸ் கடைக்காரர் வாரம் ஒருமுறை எங்கள் பக்கத்தைத் திறந்து, அச்சடித்து, கடை வாசல் பலகையில் ஒட்டிவிடுவார். கேட்பவர்களுக்குப் பிரதியும் எடுத்துக் கொடுப்பார்.

மூன்று மாதம் இப்படியே ஓடியது. எனக்குத்தான் போரடித்தது. புத்தகத்தில் நான் பாதிக்கு மேல் தாண்டியிருந்தேன். ஜாவாஸ்கிரிப்டில் எழுத்தை நகர வைக்கவும் நிறம் மாற்றவும் கற்றுக்கொண்ட பிறகு, என் பெயரில் வெளியே போகிற பக்கம் ரேஷன் கடைப் பலகை மாதிரி இருப்பதை என்னால் தாங்க முடியவில்லை. ஒரு வாரம் உட்கார்ந்து அதை மாற்றினேன். நீல நிறத்தில், மூன்று வரி உயரத்துக்கு ஒரு கட்டம். பக்கம் திறந்ததும் முதல் மூன்று பெயர்களோடு சற்று நேரம் நிற்கும். பிறகு பெயர்கள் மெல்ல மேலே ஏறும், அடுத்த பெயர்கள் கீழிருந்து வரும். கடைசிப் பெயர் போனதும் மறுபடி முதலிலிருந்து தொடங்கும். அதைச் செய்து முடித்த அன்று எனக்கு மத்தியானச் சாப்பாடே இறங்கவில்லை, அவ்வளவு சந்தோஷம்.

பாய் பார்த்துவிட்டு, "மாஷா அல்லாஹ். சினிமா டைட்டில் மாதிரியே ஓடுதேம்மா," என்றார். எங்கள் சென்டரில் இருந்த ஆறு கம்ப்யூட்டரிலும் திறந்து சோதித்தேன். எல்லாவற்றிலும் ஓடியது. அச்சடித்து மட்டும் பார்க்கவில்லை. பிரிண்டர் பக்கம் போனாலே ஓனர் முறைப்பார் என்பது ஒரு காரணம். அசைகிற ஒன்றை யாராவது அச்சடிப்பார்கள் என்று எனக்குத் தோன்றாமலே போனது இன்னொரு காரணம். பலகையில் ஒட்டுகிறார்கள் என்று எனக்குத் தெரியும். தெரிந்தும் யோசிக்கவில்லை.

அடுத்த மாதம் ஒரு சனிக்கிழமை, ஒரு பெண் மாடிப்படி ஏறி வந்து வாசலிலேயே நின்றார். என்னைவிட நாலைந்து வயது மூத்தவராக இருப்பார். ஆண்டிமடத்துக்குப் பக்கத்தில் ஒரு கிராமம். ஜெயங்கொண்டத்திலும் அரியலூரிலும் பஸ் மாறி வந்திருந்தார். பிளாஸ்டிக் உறையில் ஒரு காகிதத்தை நெஞ்சோடு சேர்த்துப் பிடித்திருந்தார். அவருடைய கணவர் சவுதியில், தம்மாம் என்ற ஊரில் ஒரு கம்பெனியில் ஹெல்பர். அதே கம்பெனியில் எலக்ட்ரீசியன் வேலைக்கு ஆள் எடுக்கிறார்கள். மாதக் கடைசிக்குள் ஐ.டி.ஐ. சான்றிதழின் ஒரிஜினலைக் காட்டினால் அவரை அந்த வேலைக்கு ஏற்றிவிடுவார்கள். மாதக் கடைசிக்கு இன்னும் ஒரு வாரம்தான் இருந்தது.

"ஏங்க மேடம், தம்மாமுக்கு யாருமே போவலைங்களா? மூணு வாரமா போர்டப் போயிப் போயிப் பாக்குறேன்," என்றார்.

எனக்குச் சுருக்கென்று கோபம் வந்தது. எவ்வளவு அழகாகச் செய்து வைத்திருக்கிறேன், அதைச் சரியாகப் பார்க்காமல் வந்து கேட்கிறாரே என்று. "இருக்குதே அக்கா, நல்லாப் பாருங்க," என்று திரையைத் திருப்பினேன். நாலாவது பெயர் மேலே ஏறி வந்தது. தம்மாம். தேதி, முந்தின வியாழக்கிழமை. அந்த ஆள் போய் இரண்டு நாளாகிவிட்டது.

அவர் திரையைச் சரியாகக்கூடப் பார்க்கவில்லை. பையிலிருந்து நாலாக மடித்த தாள் ஒன்றை எடுத்து மேசையில் விரித்தார். ஜெராக்ஸ் கடையில் வாங்கிய அந்த வாரத்துப் பிரதி. அதில் மூன்று பெயர்கள் இருந்தன. நாலாவது இருக்க வேண்டிய இடத்தில் கட்டத்தின் கோடு, அதற்குக் கீழே எங்கள் சென்டர் முகவரி.

பார்த்த மாத்திரத்தில் எனக்குப் புரிந்துவிட்டது. திறந்ததும் என்ன தெரிகிறதோ அதுதான் தாளில் வரும். மற்ற பெயர்கள் எல்லாம் என் கட்டத்துக்குள்ளேயே தங்கிவிட்டன. அப்போது நான் வாயைத் திறந்து சொன்னது இதுதான்: "அந்தக் கடை பிரிண்டர்ல ஏதாவது கோளாறா இருக்கும்கா."

"அப்படிங்களா," என்றார் அவர். தாளை மறுபடி மடித்துப் பைக்குள் வைத்துக்கொண்டார். நான் சொன்னதை அப்படியே நம்பினார்.

அன்றைக்கே பாய்க்குப் போன் செய்தேன். அவரிடமும் பிரிண்டர் கதையைத்தான் சொன்னேன். அவர் தனக்குத் தெரிந்த எல்லா இடத்திலும் விசாரித்தார். தம்மாம் போகிற அடுத்த ஆளுக்குப் பன்னிரண்டு நாள் இருந்தது. "அல்லாஹ் நாடுனா அவங்க அஞ்சாறு நாள் பொறுத்துக்குவாங்க. குடுத்து வுடச் சொல்லும்மா," என்றார். சான்றிதழ் அந்த ஆளோடு போனது. கம்பெனிக்காரர்கள் பொறுக்கவில்லை.

அந்தப் பெண் வந்துபோன அன்று சாயங்காலமே அந்த நீலக் கட்டத்தை எடுத்துவிட்டுப் பழைய அட்டவணையைப் போட்டேன். அதன்பிறகு ஓனர் எவ்வளவு முறைத்தாலும், ஒவ்வொரு வாரமும் ஏற்றுவதற்கு முன்னால் ஒரு தாள் அச்சடித்துப் பார்ப்பேன். இன்றைக்கும் ஒரு பக்கம் செய்ய உட்கார்ந்தால், எந்தக் கருவி புதிது, எது கெட்டிக்காரத்தனமானது என்பதெல்லாம் எனக்குப் பிறகுதான். இதை யார், எங்கே நின்றுகொண்டு, எதில் படிக்கப்போகிறார்கள் என்று முதலில் கேட்கிறேன். என்னோடு வேலை செய்கிற சின்ன வயதுக்காரர்கள் இந்தக் கேள்வியைக் கேட்டு அலுத்துப்போய்விட்டார்கள். எனக்கு அவர்கள்மேல் கோபம் வருவதில்லை. அந்த வயதில் எனக்குத் தெரிந்ததைவிட அவர்களுக்கு அதிகம் தெரிகிறது.

ஒன்றரை மாதம் கழித்து அந்தப் பெண் மறுபடி வந்தார். கணவர் சான்றிதழை ஊருக்கு வந்த ஒருவரிடமே திருப்பிக் கொடுத்தனுப்பிவிட்டார். லெப்பைக்குடிக்காடு வரை அலைய வேண்டாமே என்று பாய் அதை எங்கள் சென்டரில் கொடுத்து வைத்திருந்தார். உறையை எடுத்துக் கொடுத்தேன். உள்ளே சரியாக இருக்கிறதா என்று பிரித்துப் பார்த்துவிட்டுப் பையில் வைத்துக்கொண்டார்.

"இனி ரெண்டு வருஷம் கழிச்சித்தான் எடுப்பாங்களாம். அதுவரைக்கும் ஊருக்கு வரலேன்னுட்டாரு. சின்னது அவர இன்னும் பாக்கவேயில்லைங்க," என்றார். பிறகு கொஞ்சம் தயங்கி, "அந்த ஜெராக்ஸ் கடைக்காரர நாந்தான் வாய்க்கு வந்தபடி பேசிப்புட்டேன். அவரு ஒரு வார்த்த திருப்பிப் பேசலைங்க," என்றார்.

அதற்குமேல் என்னால் முடியவில்லை. சொல்லிவிட்டேன். பிரிண்டரில் கோளாறு இல்லை, நான் செய்த வேலைதான், பெயர்களை நகர விட்டதால் தாளில் மூன்றுதான் வந்தது, எல்லாவற்றையும் தரையைப் பார்த்தபடியே சொன்னேன். திட்டுவார் என்று காத்திருந்தேன். திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

"நவுருமாங்க?" என்றார். "நான் பேப்பர்லதானே பாத்திருக்கேன். எப்படி நவுரும், காட்டுங்களேன்."

எடுத்த நாளில் இருந்தபடியே அந்தப் பக்கத்தை ஒரு பிளாப்பியில் வைத்திருந்தேன். அழிக்க மனம் வரவில்லை. அதைப் போட்டுத் திறந்து, அவருக்கு நாற்காலியை நகர்த்திக் கொடுத்தேன். நீலக் கட்டம் வந்தது. மூன்று பெயர்கள் நின்றன, பிறகு ஏற ஆரம்பித்தன. அவருக்கு ஆங்கிலம் வாசிக்க வராது. கணவர் அனுப்பும் கடித உறையில் பார்த்துப் பார்த்து, அந்த ஒரு ஊர்ப் பெயரின் எழுத்துகள் மட்டும் பழகியிருந்தன. நாலாவது வரி கீழிருந்து வந்ததும் திரையில் விரலை வைத்தார்.

"இதுதானேங்க தம்மாம்?"

"ஆமாக்கா."

பெயர் அவர் விரலைத் தாண்டி ஏறி மறைந்தது. அவர் எழுந்திருக்கவில்லை. மற்ற பெயர்கள் போய், மறுபடி முதலிலிருந்து தொடங்கி, அந்த வரி திரும்ப வரும்வரை பார்த்துக்கொண்டே இருந்தார்.

"இத நிப்பாட்ட முடியாதுங்களா?" என்றார்.

முடியாது. நிறுத்துவதற்கு ஒரு வழி வைக்க வேண்டும் என்று எனக்குத் தோன்றியதே இல்லை. நான் பதில் சொல்வதற்குள் அது மறுபடியும் மேலே போய்விட்டது.