மன்னி பக்கத்து ஈரம்

ஈரம் கண்ட சுவரைப் பார்த்தால் இன்றும் என் கை தானாகப் போய் அதைத் தொட்டுவிடும். யார் வீடு, எந்த ஊர் என்றெல்லாம் பார்ப்பதில்லை. பிள்ளை கேலி செய்கிறான். செய்யட்டும்.

வெள்ளைக்காரன் ஆண்ட காலம். திருப்பதியில் கோயிலுக்கு அடுத்த தெருவில் எங்கள் வீடு. நானும் என் வீட்டுக்காரரும் இவருடைய அண்ணா வீட்டாரும் ஒரே குடும்பமாக இருந்தோம். கோயில் கைங்கரியத்தில் யார் முறை முதலில் என்று தொடங்கிய பேச்சு முற்றி, கூடத்தின் குறுக்கே சுவர் எழுப்பும்வரை போய்விட்டது. சண்டை ஆண்பிள்ளைகளுக்குள். பிரிந்தது நானும் மன்னியும். மன்னி, இவருடைய அண்ணாவின் மனைவி. ஆண்கள் சாப்பிட்டு எழுந்ததும் நாங்கள் இருவரும் உட்காருவோம். வம்பு பேசிச் சிரித்துச் சிரித்துக் கையில் சோறு காய்ந்துபோகும். சுவர் வந்த பிறகு, தெருவில் பார்த்தாலும் தலையைக் குனிந்துகொண்டு போக வேண்டும் என்று எங்களுக்கு உத்தரவு.

அந்தக் கூடத்தில் உயரத்தில் ஒரு நீள மூங்கில் கட்டியிருந்தது, குளித்தபின் யார் கையும் படாமல் உடுத்தும் மடிப்புடவையை உலர்த்துவதற்காக. கொத்தனார் தொட்டால் மடி போய்விடும். இறக்கி வைக்க வேண்டுமென்றால் அண்ணாவும் தம்பியும் ஆளுக்கொரு முனை பிடிக்க வேண்டும். பிடிப்பார்களா? ஆகவே கொத்தனார் மூங்கிலை அப்படியே விட்டு, அதைச் சுற்றி ஒற்றைச் செங்கல் வைத்துப் பூசிவிட்டுப் போனார். பாதி மூங்கில் அவர்களுக்கு, பாதி எங்களுக்கு. விடியற்காலையில் மன்னி குளித்துவிட்டு ஈரப்புடவையைக் கோலால் தூக்கிப் போட்டால் எங்கள் பக்கத்து மூங்கில் லேசாக அதிரும். எழுந்துவிட்டாள், நன்றாக இருக்கிறாள் என்று தெரிந்துகொள்வேன். அது போதும் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். போதவில்லை.

ஐப்பசியில் சுவரில் ஈரம் தெரிந்தது. இவர் மழை என்றார், ஓடு மாற்றினார். மாசியிலும் ஈரம் போகவில்லை. என் புடவைதான் சொட்டுகிறது என்றார். நான் தூரமாகி ஒதுங்கியிருந்த நாட்களில் எங்கள் பக்கம் புடவையே உலர்த்தவில்லை, அப்போதும் சுவர் ஈரம். இவருக்குக் கோபம் தலைக்கேறியது.

"வேணும்னே தண்ணி ஊத்தறா. சித்தூர் கோர்ட்டுல பாத்துக்கறேன்."

ஒதுங்கி உட்கார்ந்திருந்தபோதே எனக்குக் காரணம் புரிந்துவிட்டது. மூங்கில் எங்கள் பக்கம் சற்றுச் சாய்ந்திருந்தது. மன்னியின் புடவைத் தண்ணீர் அதன் அடியிலேயே வழிந்து வந்து சுவரில் இறங்கிக்கொண்டிருந்தது. சொன்னால் மூங்கிலை அறுத்துவிடுவார். சொல்லாவிட்டால் மன்னியின் வீட்டைக் கோர்ட்டுக்கு இழுப்பார். எதைச் செய்தாலும் நஷ்டம் எனக்குத்தான்.

"ஏன்னா, அவா ஒண்ணும் ஊத்தலை. மூங்கில் வழியா வரது" என்றேன்.

இவரே குளித்துவிட்டு வந்து எங்கள் பாதியை அறுத்தார். அந்தப் பக்கம் அண்ணாவும் ரோஷத்தில் தம் பாதியைப் பிடுங்கிப் போட்டு ஓட்டையை அடைத்துவிட்டார். சுவர் காய்ந்தது. விடியற்காலையில் அண்ணாந்து பார்ப்பேன், வெறும் காரை. யாருக்கும் தெரியாமல் அழுதேன். வேறென்ன செய்வது?

கொஞ்ச நாள் கழித்து மறுபடி ஈரம் வந்தது. இந்தத் தடவை மேலே இல்லை, என் தோள் உயரத்தில், இரண்டு கை அகலத்துக்கு. ஓடு சரியாக இருக்கிறது, மூங்கிலும் இல்லை, எங்கிருந்து வருகிறது என்று இவர் மண்டையை உடைத்துக்கொண்டார். தெரியவில்லை என்றேன். இவர் கோயிலுக்குப் போனதும் அதில் உள்ளங்கையை வைத்துக்கொண்டு நிற்பேன். ஜில்லென்றிருக்கும். அப்படியே இரண்டு கோடை போயிற்று.

ஒரு தை மாதம் காலையில் இவர் கூடத்திலிருந்து கூப்பிட்டார். குரலில் அவ்வளவு சந்தோஷம்.

"சுவர் காஞ்சுடுத்து, பாத்தியா?"

அடுப்பை அப்படியே போட்டுவிட்டு, இவரைக் கேட்காமல் தெருவில் இறங்கி அந்த வாசலுக்குப் போனேன். அண்ணா தடுக்கவில்லை; முகத்தைத் திருப்பிக்கொண்டு வழி விட்டார். மன்னி சுவரோரமாகப் பாயில் படுத்திருந்தாள். உடம்பு அனலாகக் கொதித்தது. தலைமாட்டில் காலிச் சொம்பு.

"எழுந்துக்க முடியலைடி" என்றாள். "ரெண்டு நாளா ஊத்தலை. காஞ்சிருக்குமே?"

தலையாட்டினேன்.

பங்குனி வரைக்கும்தான் இருந்தாள். அதுவரை தினமும் போய், அவள் பார்த்துக்கொண்டிருக்க, அந்தச் சொம்பில் தண்ணீர் எடுத்து அதே இடத்தில் நான் ஊற்றினேன். எங்கள் பக்கம் சுவர் மறுபடி நனைந்திருக்கும். இவர் அதைப் பற்றி ஒரு வார்த்தையும் கேட்கவில்லை.