அக்கா வீட்டுச் சரிவு

மலை எப்போது சரியும் என்று கம்ப்யூட்டரில் கணக்குப் போடுகிறவனுக்கு எங்கள் அலுவலகத்தில் 'மண்ணு' என்று பெயர். ஆறு, மணல், பாறை என்று நிலத்தைக் கணக்குக்குள் அடைக்கப் பார்க்கும் கூட்டம் எங்களுடையது. பல நாடுகளில் சிதறிக் கிடக்கிறோம். எல்லோருக்கும் மாதாமாதம் போகும் செய்திமடலைத் தயாரிப்பது என் வேலை. யாருக்குப் பரிசு, எங்கே பயிற்சி, எந்த ஊரில் வேலை காலி. பெரும்பாலும் நல்ல செய்திதான் வரும்.

மண்ணு போட்ட முதல் கணக்கில் பாதி மலைகள் சிவப்பாக வந்தன. சிவப்பு என்றால் பெருமழைக்குச் சரியும். அவன் அக்கா வீடு இருந்த சரிவும் சிவப்பு. அடித்துப் பிடித்துக்கொண்டு ஓடி, அக்காவையும் மாமாவையும் பிள்ளையையும் டவுனில் ஒரு வாடகை அறைக்குக் கொண்டுவந்து சேர்த்தான். மழை கொட்டித் தீர்த்தது. ஒரு கல்கூட உருளவில்லை.

"மச்சான், உன் கம்ப்யூட்டருக்குக் காய்ச்சல் போல. டாக்டர்கிட்ட காட்டு," என்றார் மாமா.

அக்கா சிரிக்கவில்லை. "நீ போகலாம்னு சொல்லு, அப்புறம்தான் போவோம்," என்றாள்.

எங்கள் இயக்குநருக்குச் சிவப்பைக் கண்டாலே ஆகாது. "விழாத மலையெல்லாம் விழும்னு சொன்னா யாருப்பா நம்புவாங்க? சரி பண்ணு." எங்கள் தொழிலில் இது வழக்கம்தான். நின்ற மலை கணக்கிலும் நிற்கும்வரை மண்ணின் பிடிமானத்துக்கான எண்ணைக் கூட்டிக்கொண்டே போவோம். ஒரே ஒரு மழைக்காலத்தை நம்பி அவனும் கூட்டினான். சிவப்பெல்லாம் பச்சையானது. 'பொய் எச்சரிக்கை அடியோடு ஒழிந்தது' என்று செய்திமடலில் முதல் செய்தியாகப் போட்டேன். பாராட்டு குவிந்தது. அன்றைக்கே அவன் அக்காவுக்குப் போன் போட்டான்.

"போகலாங்கா. ஒண்ணும் ஆகாது."

அடுத்த மழைக்கு மலை இறங்கி வந்து வீட்டின்மேல் உட்கார்ந்தது. மூன்று பேரில் ஒருவரும் மிஞ்சவில்லை.

இரங்கல் போடலாமா என்று இயக்குநரைக் கேட்டேன். "போடு. அதுக்குக் கீழேயே இன்னொண்ணும் போட்டுடு," என்றார். சரிவை முழுக்க அளந்தாகிவிட்டதாம். இப்படி ஒன்று கிடைப்பதே அபூர்வமாம். அதை வைத்துக் கணக்கைத் திருத்த வரும் இரண்டு மாணவர்களுக்கு உதவித்தொகையாம். யாரைத் தொடர்புகொள்ள வேண்டும் என்று போடுவது எனக் கேட்டதற்கு மண்ணுவே பதில் சொன்னான்.

"என் பேரைப் போடுங்க. அந்த இடம் எனக்குத்தான் தெரியும்."

விண்ணப்பங்கள் வந்து குவிந்தன. நான் போட்ட எந்த அறிவிப்புக்கும் அத்தனை பேர் எழுதியதில்லை. ஒரு மாணவி, பாவம், இரங்கலைப் படிக்காமல் தாண்டிவிட்டாள் போலிருக்கிறது. சரிவின்மேல் கட்டடம் ஏதாவது இருந்ததா, இருந்தால் அதன் எடையையும் சேர்க்க வேண்டுமே என்று கேட்டிருந்தாள். நல்ல கேள்வி.

பக்கத்து மேசையில் உட்கார்ந்து மண்ணு பதில் தட்டினான். சுவர், கூரை, மாடியில் இருந்த தண்ணீர்த் தொட்டி என்று ஒவ்வொன்றுக்கும் எடை எழுதினான். கடைசி வரியை மட்டும் திருப்பிக் காட்டி, சரியா என்று என்னைக் கேட்டான்.

'உள்ளே இருந்தவர்களின் எடையைச் சேர்க்க வேண்டாம். அவ்வளவு மண்ணுக்கு முன்னால் அது கணக்கிலேயே வராது.'

சரிதான் என்றேன்.